பேட்டரியைக் கொல்வது கடைசி அரைத் தொட்டிதான்

சுங்கை பஞ்சாங் – காலை ஏழு மணிக்குச் செம்பனைத் தோட்டத்தில் தொடங்கும் புல் மருந்து வேலை, பத்து மணி வாக்கில் ஓரிடத்தில் தடங்கி நிற்கும். முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தொட்டியில் இன்னும் பாதி மருந்து இருக்கும். ஆனால், பம்பின் சத்தம் தாழ்ந்துவிடும். விசிறிபோல் விரிந்து விழுந்த மருந்து, குழல் முனையில் சொட்டுச் சொட்டாக வடியும்.

மருந்து அடிப்பவர் சுவிட்சை அணைத்துவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். பத்து நிமிடம் கழித்து மறுபடி சுவிட்சைத் தட்டினால், பம்பு மீண்டும் உயிர் வந்ததுபோல் ஓடும். பேட்டரிக்கும் கொஞ்சம் ஓய்வு தேவைப்பட்டது என்று நினைத்துக்கொண்டு மீதி அரைத் தொட்டியையும் அடித்து முடிப்பார். நாளைக்கும் இதே கதைதான்.

சில மாதங்களில் அந்தப் பேட்டரி கடை மேசைக்கு வந்துவிடும்.

“அண்ணே, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன். பச்சை விளக்கு எரியுது. ஆனா ஒரு தொட்டிகூட முழுசா அடிக்க முடியல.”

“பேட்டரி போச்சு தம்பி. புதுசுதான் போடணும்.”

பேட்டரி மட்டமானது என்று பழி விழும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், சுங்கை பெசார், சுங்கை பஞ்சாங், செகிஞ்சான், தஞ்சோங் காராங் வட்டாரத்து வயல்களிலும் தோட்டங்களிலும் இப்படிச் சாகும் பேட்டரிகளில் பலவற்றுக்கு, அந்தக் கடைசி அரைத் தொட்டிதான் எமன். மருந்துப் பம்பு, கப்சாய் மோட்டார் சைக்கிள், கைப்பேசி, பவர் பேங்க் என்று எதில் இருந்தாலும், எல்லாப் பேட்டரிக்கும் இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. அவற்றை அறிந்து நடந்தால் பணம் மிச்சம். சிலவகைப் பேட்டரிகளில், உயிரும் மிச்சம்.

மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு

அந்த எல்லைக்கோட்டுக்கு மின்னியலில் ‘கட்-ஆஃப் வோல்ட்டேஜ்’ என்று பெயர். தமிழில் துண்டிப்பு மின்னழுத்தம் எனலாம். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, ‘இதற்குக் கீழே இறங்காதே, இத்தோடு நிறுத்து’ என்று சொல்வது கீழ்க்கோடு. சார்ஜ் ஏற்றும்போது, ‘இதற்கு மேல் ஏற்றாதே’ என்று சொல்வது மேல்கோடு.

வோல்ட் என்பது பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தாலி ஆயரை நினைத்துக்கொண்டால் விளங்கும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வேறு. வோல்ட் என்பது மட்டத்தின் உயரம். மட்டம் மிகவும் இறங்கினால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. மிகவும் ஏறினால் கரை உடையும். மடையைத் திறக்கவும் மூடவும் மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சார்ஜரும் அப்படித்தான். பேட்டரிக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. பெரும்பாலும் வோல்ட் அளவை வைத்துத்தான் ‘நிறைந்துவிட்டது’ என்றோ ‘காலியாகிவிட்டது’ என்றோ அது முடிவு செய்கிறது.

பேட்டரி வகைக்கு வகை இந்தக் கோடுகள் மாறும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஈயப் பேட்டரியின் கணக்கு

மருந்துப் பம்பில் வெகுகாலமாக இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது இதன் உறவுக்காரன்தான். பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கிய இந்த வகை, 160 ஆண்டுகள் கடந்தும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. விலை மலிவு, முரட்டு உழைப்பு, எளிதில் தீப்பிடிக்காத தன்மை ஆகியவை அதற்குக் காரணம்.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஓர் அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். அதனால், முழுதாக நிறைந்த பேட்டரியை எதிலும் இணைக்காமல் சில மணி நேரம் வைத்திருந்து அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். பாதி தீர்ந்திருந்தால் ஏறக்குறைய 12.2. கிட்டத்தட்ட காலி என்றால் 11.8. நிறைவுக்கும் காலிக்கும் இடையில் ஒரு வோல்ட் வித்தியாசம்தான்.

பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அளவு இன்னும் இறங்கும். அந்த நிலையில் அறைக்கு 1.75 வோல்ட், அதாவது ஆறு அறைக்கும் சேர்த்து 10.5 வோல்ட் என்பதைத்தான் பேட்டரி தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கீழ்க்கோடாகக் குறிப்பிடுகிறார்கள். அதைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

பம்பின் சத்தம் தாழ்வதும், மருந்து சொட்டாக வடிவதும் அந்தக் கோட்டை நெருங்கிவிட்டதற்கான அறிகுறிகள். விலை மலிவான பல பம்புகளில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே வெறும் சுவிட்ச் மட்டுமே இருக்கும். 10.5 வந்ததும் தானாகத் துண்டிக்கும் சர்க்கியூட் எதுவும் அவற்றில் இருக்காது. ஆக, அங்கே கட்-ஆஃப் என்பது மருந்து அடிப்பவரின் காதும் கையும்தான்.

பத்து நிமிட ஓய்வு காட்டும் மாயம்

ஓய்வு கொடுத்ததும் பம்பு ஏன் மறுபடி ஓடுகிறது?

பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் கந்தக அமிலக் கரைசலில் ஊறிக் கிடக்கின்றன. தகடுகள் பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தவை. மின்சாரம் எடுக்க எடுக்க, அந்தத் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் முதலில் செலவாகி, அங்கே வெறும் தண்ணீர்த்தன்மை மிஞ்சுகிறது. அதனால் வோல்ட் விழுகிறது. சுவிட்சை அணைத்ததும், வெளியே மிச்சமிருக்கும் அமிலம் மெல்ல மெல்லத் துளைகளுக்குள் ஊறி இறங்குகிறது. வோல்ட் மீண்டும் ஏறுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12-ஐ நெருங்கிக்கூட நிற்கலாம்.

ஆனால், புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. வறண்ட கிணற்றில் சிறிது நேரம் காத்திருந்தால் ஊற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கசிந்து சேருமே, அதுபோலத்தான். அந்த ஒரு வாளியையும் இறைக்கும்போது சேறும் சேர்ந்து வருகிறது.

பேட்டரியில் ‘சேறு’ என்பது ஈய சல்பேட். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிவது இயல்பு. சார்ஜ் போட்டால் அது மீண்டும் கரைந்து போகும். ஆனால், அளவுக்கு மீறிப் படிந்தாலும், படிந்தபடியே நாள்கணக்கில் விட்டுவிட்டாலும், மெல்லிய படிவம் பெரிய, கடினமான படிகங்களாக இறுகிவிடும். இறுகிய இடம் திரும்ப வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு அவ்வளவுக்குக் குறைந்துபோகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆறு அறைகளும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. பலவீனமான அறை முதலில் காலியாகும். மற்ற ஐந்தும் இன்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதால், காலியான அறை எதிர்த்திசையில் திருகப்பட்டு நிரந்தரமாகக் கெடும். கடைசி அரைத் தொட்டியின்போது உள்ளே நடப்பது இதுதான்.

பச்சை விளக்கு பொய் சொல்வது ஏன்?

கடையில் அந்தத் தம்பி சொன்னது உண்மை. பச்சை விளக்கு எரியத்தான் செய்தது. சல்பேட் இறுகிய பேட்டரிக்குச் சார்ஜ் போட்டால், அதன் வோல்ட் மிக வேகமாக மேல்கோட்டைத் தொட்டுவிடும். வோல்ட்டை மட்டும் பார்க்கும் சார்ஜர், ‘நிறைந்துவிட்டது’ என்று பச்சை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அடைப்பு விழுந்த சிறு பாத்திரம் சீக்கிரம் நிறைவதுபோல்தான் அது. பாத்திரம் நிறைந்தது உண்மை, ஆனால் அதன் கொள்ளளவு சுருங்கிப்போனதை விளக்கு சொல்லாது.

எவ்வளவு ஆழமாக இறக்குகிறோமோ அவ்வளவுக்கு ஆயுள் குறையும். இவ்வகைச் சிறிய ஈயப் பேட்டரிகள், ஒவ்வொரு முறையும் முழுதாகக் காலி செய்யப்பட்டால் பொதுவாக 200 முறைக்குச் சற்று மேல்தான் தாங்கும். பாதியோடு நிறுத்திச் சார்ஜ் போட்டால் அதன் இரு மடங்கு அளவுக்குத் தாங்கும். கோட்டையும் தாண்டி இறக்கினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் 8 ஆம்பியர்-மணியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 3 ஆம்பியர் இழுக்கும் பம்பு, 8-ஐ 3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம் ஓட வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்லும். ஆனால், அந்த 8 என்ற எண் வழக்கமாக 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்து அளந்தது. அதாவது, 0.4 ஆம்பியர் வீதம். வேகமாக இழுத்தால் கிடைப்பது குறைவு. அதனால், புதுப் பேட்டரியாக இருந்தாலும் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு மேல் எதிர்பார்க்காமல் வேலையைத் திட்டமிடுவதே நல்லது.

மேல்கோடு: கொதிக்கவைக்கும் சார்ஜர்

கீழ்க்கோட்டை மீறினால் பேட்டரி மெலிந்து சாகும். மேல்கோட்டை மீறினால் கொதித்துச் சாகும்.

12 வோல்ட் ஈயப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது 14.4 முதல் 14.7 வோல்ட் வரை போகலாம். அதைத் தொட்டு, உள்ளே போகும் மின்னோட்டம் குறைந்ததும், நல்ல சார்ஜர் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்கி, பேட்டரியை நிறைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். மட்டமான சார்ஜர்களில் இந்த இறக்கம் இருப்பதில்லை. இரவு முழுவதும் அதே அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது கரைசலில் உள்ள தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்களாகப் பிரியும். மூடிய பேட்டரியில் அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. உள்ளே காயும், உறை உப்பும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதால், காற்றோட்டம் இல்லாத மூலையில் சார்ஜ் போடுவதும், பக்கத்தில் சிகரெட் பற்றவைப்பதும் ஆபத்து.

வெயிலும் இதில் ஒரு பங்குதாரர். மேலே சொன்ன எண்கள் 25 பாகை செல்சியசை ஒட்டிச் சொல்லப்படுபவை. தகரக் கூரை போட்ட கொட்டகையில் பகல் நேரத்தில் 35 பாகை சாதாரணம். பத்து பாகை கூடினால் மேல்கோட்டை 0.2 முதல் 0.3 வோல்ட் வரை குறைக்க வேண்டும். வெப்பத்தை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்கள் விற்பனையில் உண்டு. அது இல்லாதவர்கள், வேலை முடிந்து வந்ததும் சூடான பேட்டரியை அப்படியே செருகாமல், ஆறவைத்து மாலையில் சார்ஜ் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

கப்சாயில் இந்த மேல்கோட்டைக் காப்பது ரெகுலேட்டர் என்ற சிறிய பெட்டி. இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், பேட்டரிக்குப் போகும் அழுத்தத்தை ஏறக்குறைய 14.5 வோல்ட்டுக்குள் அடக்குவது அதன் வேலை. முன்விளக்கு பல்பு அடிக்கடி எரிந்துபோய், பேட்டரியும் சூடாகி உப்பினால், பேட்டரியை மாற்றும் முன் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பேட்டரிக்கும் அதே கதிதான்.

லித்தியம் மன்னிக்காது

இப்போது புதிய மருந்துப் பம்பு, புல்வெட்டி, துளைக்கருவி எல்லாம் லித்தியம் பேட்டரிக்கு மாறிவருகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைப் பேட்டரியின் பின்னணியில் உழைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அக்கிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, உழைப்பு அதிகம். முதுகில் சுமப்பவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், எல்லைக்கோட்டு விஷயத்தில் ஈயம்போல் இது பொறுத்துப் போகாது.

கைப்பேசியிலும் பவர் பேங்கிலும் உள்ள சாதாரண லித்தியம்-அயன் அறைக்கு மேல்கோடு பெரும்பாலும் 4.2 வோல்ட், கீழ்க்கோடு ஏறக்குறைய 3 வோல்ட். எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மேல்கோடு 3.65, கீழ்க்கோடு 2.5. இந்த வகை வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

4.2-ஐத் தாண்டித் தள்ளினால், லித்தியம் உலோகமாகவே உள்ளே படியத் தொடங்கும். நேர்முனைப் பொருள் நிலைகுலைந்து ஆக்சிஜனை விடும். உள்ளே இருக்கும் கரைசலோ எரியக்கூடியது. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிட்டால், ஓர் அறையின் வெப்பம் அடுத்த அறையைக் கிளப்பி, தீ தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

கீழ்க்கோட்டை வெகுவாகத் தாண்டினால் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால், உள்ளே உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து செத்துப்போன லித்தியம் பேட்டரிக்கு, வேறு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்து ‘எழுப்பும்’ வித்தை அதனால்தான் ஆபத்தானது. எழுந்துவிட்டதுபோல் தெரியும். தீ பின்னர் வரும்.

‘12 வோல்ட்’ என்ற ஒரே பெயர்

தோட்டப் பகுதிகளில் அதிகம் நடக்கக்கூடிய தவறு இது. பழைய ஈயப் பேட்டரிப் பம்பின் சார்ஜரிலும் ‘12 வோல்ட்’ என்று எழுதியிருக்கும். புதிய லித்தியம் பம்பிலும் ‘12 வோல்ட்’ என்றே எழுதியிருக்கும். செருகும் முனையும் ஒன்றாகவே பொருந்திவிடும். பொருந்தினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து மாட்டிவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் என்று விற்கும் லித்தியம்-அயன் பேட்டரிகள் பலவற்றில் மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். மூன்றையும் 4.2-ஆல் பெருக்கினால் மேல்கோடு 12.6 வோல்ட். ஈயப் பேட்டரியின் சார்ஜர் தருவதோ 14.4 முதல் 14.7. அதை மூன்றால் வகுத்தால் ஓர் அறைக்கு 4.8 முதல் 4.9 வோல்ட் வரை வரும். எல்லைக்கு மேல் அரை வோல்ட்டுக்கும் அதிகம். அப்போது பேட்டரிக்கும் தீக்கும் நடுவில் நிற்பது உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை ஒன்றுதான்.

காவலுக்கு இருக்கும் சிறு பலகை

லித்தியம் பேட்டரியின் உறைக்குள், விரல் அகலத்தில் ஒரு சிறிய மின்பலகை இருக்கும். பல அறைகள் கொண்ட பெரிய பேட்டரிகளில் அதை பி.எம்.எஸ். என்பார்கள். ஒவ்வோர் அறையின் வோல்ட்டையும் அது தனித்தனியே கவனிக்கும். சாதாரண லித்தியம் அறைக்கான பலகைகள் பொதுவாக 4.25 முதல் 4.3 வோல்ட்டில் சார்ஜைத் துண்டிக்கும். மிகவும் இறங்கி 2.5-ஐ ஒட்டி வந்தால் வெளியே போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

துண்டிக்கும் வேலையைச் செய்வது டிரான்சிஸ்டர் எனும் மின்னணுக் கதவு. அதன் கட்டுப்பாட்டு முனைக்குக் கொடுக்கும் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அதன் வழியே மின்சாரம் பாயாது. அந்த நிலையையும் மின்னணுவியலில் கட்-ஆஃப் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய பேட்டரியின் எல்லைக்கோட்டைக் காப்பது, ஒரு சின்ன டிரான்சிஸ்டரின் எல்லைக்கோடு.

சூரிய ஒளித் தகடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். 12 வோல்ட் ஈயப் பேட்டரிக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் பல, 11.1 வோல்ட் வந்ததும் விளக்கைத் துண்டிக்கும். ஆனால் 11.2-க்கு ஏறியதும் உடனே எரியவிடாது. 12.6 வரை ஏறட்டும் என்று காத்திருக்கும். காரணம், பம்பில் பார்த்த அதே ஓய்வு மாயம்தான். சுமையை எடுத்ததும் வோல்ட் தானாக ஏறும். அதை நம்பி உடனே இணைத்தால் மறுபடி விழும். விளக்கு மினுக்கிக்கொண்டே பேட்டரியைத் தீர்த்துவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்து ஏமாறும் மனிதரைவிட, அந்தச் சின்னப் பெட்டி விவரமாக நடந்துகொள்கிறது.

ஆனால், பாதுகாப்புப் பலகை கடைசிக் காவல்தான். முதல் காவல் சரியான சார்ஜர். பழைய அறைகளைச் சேர்த்துக் கட்டிய மலிவு பேட்டரிகளில் பலகையே இல்லாமல் போகலாம். ‘அடிக்கடி கட் ஆகிறது’ என்று பலகையைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருபவர்களும் உண்டு. நாய் குரைக்கிறது என்று அதை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம் அது.

எல்லை மீறினால் என்ன ஆகும்?

2016-இல் சாம்சங் கேலக்சி நோட் 7 கைப்பேசிகள் உலகின் பல பகுதிகளில் தீப்பற்றின. பேட்டரியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகளே காரணம் என்று 2017 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. கவனிக்க வேண்டியது, இடையில் அது எடுத்த நடவடிக்கை. தென்கொரியாவில் மக்கள் கையில் இருந்த கைப்பேசிகளுக்கு மென்பொருளை அனுப்பி, சார்ஜ் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி மேல்கோட்டைக் கீழே இறக்கியது. குறையுள்ள பேட்டரிகூட, அழுத்தம் குறைவாக இருந்தால் ஆபத்து குறையும் என்பதுதான் அதன் பொருள்.

தமிழ்நாட்டின் வேலூரில் 2022 மார்ச் மாதம், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே ஆண்டு இந்தியாவில் இன்னும் சில மின் ஸ்கூட்டர் தீ விபத்துகள் நடந்தன. அதையடுத்து, மின் இருசக்கர வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரவிதியை இந்திய அரசு கடுமையாக்கியது. அறை, பி.எம்.எஸ்., சார்ஜர் மூன்றுக்குமான கூடுதல் விதிகள் 2022 டிசம்பர் முதலும் 2023 மார்ச் இறுதி முதலும் இரண்டு கட்டங்களாக நடப்புக்கு வந்தன.

மலேசியாவிலும் 2025 ஏப்ரல் 1 முதல், மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஏசியா விமானங்களில் பயணத்தின்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்துள்ளது. விமானத்தில் ஆபத்தாகக் கருதப்படும் அதே பொருள்தான், வீட்டில் தலையணைக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் சார்ஜில் கிடக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வன்பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், கொஞ்சம் கவனமும் போதும்.

• பம்பின் சத்தம் தாழ்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓய்வு கொடுத்து மறுபடி ஓட்டக் கூடாது. நாள் முழுவதும் வேலை என்றால், ஒரு மாற்றுப் பேட்டரியைக் கையில் வைத்துக்கொள்வதே மலிவு. இரண்டு பேட்டரிகளைப் பாதிப் பாதி பயன்படுத்தினால், இரண்டும் வெகுநாள் உழைக்கும்.

• வோல்ட் மீட்டர் உள்ள பம்பாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நிறுத்தியபின் காட்டும் எண் ஏமாற்றும். ஈயப் பேட்டரிக்கு ஓட்டத்தில் 11-ஐ நெருங்கினாலே போதும் என்று நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

• ஈயப் பேட்டரியை வேலை முடிந்த அன்றே சார்ஜ் போட வேண்டும். காலியாக நாலைந்து நாள் கிடந்தாலும் சல்பேட் இறுகத் தொடங்கும்.

• இரண்டு நெல் பருவங்களுக்கு இடையில் பம்பை மூட்டை கட்டி வைப்பவர்கள், ஈயப் பேட்டரியை முழுதாக நிறைத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் சார்ஜ் போட வேண்டும். லித்தியத்துக்கு இது நேர்மாறு. பாதி அளவில் வைப்பதே அதற்கு நல்லது. நிறைவாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம்.

• பேட்டரியின் வகையும் சார்ஜரின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பது சான்று ஆகாது. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால், சார்ஜர்மேல் ‘ஈயம்’, ‘லித்தியம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடலாம்.

• சார்ஜர் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாசார் மாலாமில் சில ரிங்கிட் மிச்சம் பிடித்து வாங்கும் முத்திரையில்லாத சார்ஜருக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

• பலகைச் சுவர் வைத்த பழைய லயத்து வீடுகளில், வாசலை அடைத்தாற்போல் எந்த லித்தியம் பேட்டரியையும் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் ஓடுவதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். மெத்தை, துணிமூட்டை, மருந்துப் போத்தல் பக்கத்திலும் வேண்டாம். எல்லோரும் தூங்கும் நேரத்தைவிட, ஆள் விழித்திருக்கும் மாலை நேரமே நல்லது.

• உப்பிய, நசுங்கிய, தண்ணீரில் ஊறிய லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. புகை வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அந்தப் புகை நச்சு. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும்.

• செத்த பேட்டரியை வாய்க்காலில் வீசுவதும் குப்பையோடு எரிப்பதும் கூடாது. பயன்படுத்தி முடித்த ஈயப் பேட்டரியும் லித்தியம் பேட்டரியும் மலேசியச் சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவுகள். ஈயப் பேட்டரிக்குப் பழைய விலையும் உண்டு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

கைப்பேசிக்கும் இதே பாடம் பொருந்தும். திரையில் 0 விழுக்காடு காட்டி அணையும்போது, பேட்டரி உண்மையில் முழுக்கக் காலியாகிவிடுவதில்லை. ஆபத்தான எல்லைக்கு முன்பே தயாரிப்பாளர் கோடு போட்டு நிறுத்திவிடுகிறார். ஆனால், அணைந்த கைப்பேசியை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவிட்டால், அது தானாகவே கசிந்து அந்தக் கோட்டையும் தாண்டி இறங்கிவிடும். புதிய கைப்பேசிகள் பலவற்றில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. நோட் 7-க்குக் கட்டாயமாகச் செய்ததை, ஆயுளை நீட்டுவதற்காக விருப்பத்தோடு செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

சம்பளத்தில் ஒரு நாள் கூலி புதுப் பேட்டரிக்குப் போவதை, மட்டமான சரக்கு என்று திட்டிவிட்டு மறந்துவிடலாம். அடுத்த பேட்டரியும் அதே வழியில்தான் போகும். அடுத்த முறை பம்பின் சத்தம் தாழும்போது, நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதில் தவறில்லை. குடித்து முடித்த பிறகு அதே பேட்டரியின் சுவிட்சைத் தட்டாமல், மாற்றுப் பேட்டரியை மாட்டிக்கொண்டு எழுந்தால் போதும்.